லொறிக்காரர் நல்லையாவும் புது மாத்திரையும்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நல்லையா லொறி டிரைவராக இருந்தார். மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளை ஃபெக்டரிக்கு இறக்குவதும், தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பசறை வழியாகப் பதுளை ஸ்டேஷனுக்குப் போவதும், திரும்பி வரும்போது அரிசியும் மாவும் உர மூட்டையும் கொண்டுவருவதும் அவர் வேலை. இதற்கு மேல் யாரும் சம்பளம் போட்டுக் கொடுக்காத வேலை ஒன்றும் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டாலும் சரி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி காலைப் பதம் பார்த்தாலும் சரி, அந்த லொறிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தோட்டத்தில் ஓடக்கூடிய மற்ற வண்டி மேனேஜர் துரையின் ஜீப் மட்டும்தான். அதைப் போய்க் கேட்க யாருக்கும் வாய் வராது.

அதனால் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் பெண்சாதி அங்கம்மா மற்றப் பெண்களைப் போலக் கொழுந்து பறிக்கிறவள்தான். என்றாலும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி அவளிடம் மட்டும் குரலை உயர்த்த மாட்டார். நல்லையா இதையெல்லாம் வெளியில் காட்டிக்கொள்வதில்லை. உள்ளுக்குள் நன்றாகவே ரசித்தார். கிளீனராகச் சேர்ந்து, கிரீஸும் கரியுமாகப் பல வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவர். டிரைவரய்யா என்று யாராவது கூப்பிடும்போது முதல் தடவை காதில் விழாதவர் மாதிரி இருந்து, இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். நல்லையாவுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. மடுல்சீமையிலிருந்து பசறை வரைக்கும் பாதையோரத்தில் எத்தனையோ பீலிகள் உண்டு. பாறையிடுக்கில் மூங்கிலைச் செருகி, ஊற்றுத் தண்ணீரை விழ வைத்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு பீலியிலும் வண்டியை நிறுத்தி இறங்கினார். கையை ஏந்திக் குடித்துவிட்டு ஏறினால் அடுத்த பீலிக்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குடித்தது நிற்காமல் போய்க்கொண்டும் இருந்தது. கிளீனர் அழகர் ஏறக்குறைய அவர் வயதுக்காரர், பேச்சுக் குறைவு. அவரே ஒரு நாள், இப்படிப் போனால் தேயிலை கப்பல் ஏறின பிறகுதான் நாம் பதுளை போய்ச் சேருவோம் என்று சொல்லிவிட்டார்.

அதையும் நல்லையா சிரித்துத் தள்ளிவிட்டார். ஆனால் ஒரு நாள் வீட்டில் செருப்பைக் கழற்றியபோது உள்ளங்காலில் பெரிய கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருப்பதை அங்கம்மா பார்த்தாள். பழைய லொறி, எஞ்சின் சூடு மிதிபலகை வழியாக ஏறும். செருப்பை ஒதுக்கிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதிக்கிற பழக்கம் அவருக்கு. தோல் வெந்து கொப்புளம் போட்டு அது உடைந்தும் போயிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லையா என்று அங்கம்மா கேட்டாள். இல்லை என்றார். அவள் விரலால் அழுத்திப் பார்த்து, இப்போது வலிக்கிறதா என்றாள். அதற்கும் இல்லை என்றபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவராக இராமையா என்பவர் இருந்தார். அவர் நல்லையாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அதுவும் முற்றிய நிலை என்றார் இராமையா.

நல்லையாவுக்கு அது புது வார்த்தை இல்லை. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்த அவருடைய அண்ணனுக்கு இதே வருத்தம்தான். கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து, அடுத்த தைப்பொங்கலைப் பார்க்காமல் அவர் போய்ச் சேர்ந்தார். இராமையா மாத்திரை கொடுத்தார். ஆனால் டிஸ்பென்சரிக்கு மருந்து வருவது ஒழுங்கில்லை. இரண்டு வாரம் இருக்கும், அப்புறம் தீர்ந்துவிடும். அடுத்த தடவை மருந்து வரும்போது அவர் கால் மறுபடி மரத்துப் போயிருக்கும். காலுக்கு உணர்ச்சி இல்லையென்றால் பிரேக் எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கண்ணால் குனிந்தா பார்க்க முடியும்? நல்லையாவுக்குச் சாவைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது.

இப்படியிருக்கும்போது இராமையா ஒரு தகவல் சொன்னார். கொழும்பிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து, பதுளை டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் வைத்திருக்கிறார். சீனி வருத்தத்துக்குப் புது மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கப் போகிறார்கள். சேருகிறவர்களுக்கு ஒரு வருஷம் மாத்திரை தடையில்லாமல் கிடைக்கும். நல்லையா மறுபேச்சுப் பேசாமல் ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் அங்கம்மா கொடுத்த ரொட்டி பையிலேயே இருந்தது.

கிளினிக் விறாந்தையில் நீளமான மர வாங்குகள் போட்டிருந்தார்கள். டவுன் கடைக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஜனங்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ரணவீர மெலிந்த மனிதர். கொஞ்சம் தமிழ் தெரியும், கொஞ்சம்தான். அவருக்கும் தமிழ்க்காரர்களுக்கும் நடுவில் ஸைனப் என்ற பெண் நின்றாள். பதுளைத் துணிக்கடை முதலாளி ஒருவரின் மகள். முப்பது வயதுக்குள் இருக்கும். முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பேர், வயது, தொழில் விசாரித்தாள்.

நல்லையாவுக்கு முன்னால் இருந்தவர் மொனராகலைப் பாதையில் ஓடும் பஸ்ஸின் டிரைவர். அவர் தொழிலைச் சொன்னதும் ஸைனப் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை ஆட்டினார். இந்த மாத்திரை சில பேருக்குச் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம், திடீரென்று தலை சுற்றலாம், வண்டி ஓட்டுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று அவள் தன்மையாக விளக்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியையும் சொல்லி அனுப்பினாள். பஸ் டிரைவர் எழுந்து போனார். ஸைனப் நல்லையாவிடம் திரும்பினாள்.

“தோட்டத்துல என்ன வேலை செய்றீங்க?”

“மலையிலதாங்க வேலை,” என்றார் நல்லையா. “கவ்வாத்து வெட்டுறேன்.”

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பிறகு ஆறேழு பேரை ஒன்றாக வைத்து விவரம் சொன்னாள். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பழைய மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. கொழும்பில் பூட்டி வைத்திருக்கிறார்கள். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்புக்கு என்ன செய்தாலும் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுவது, கோபம் வருவதைக்கூடச் சொல்ல வேண்டும். நல்லையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். இரத்தம் எடுத்தார்கள், அதற்குப் பிறகு பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். நம்பர் ஒட்டிய போத்தலோடு அவர் பஸ் ஏறினார். பொய் சொன்னது பசறை தாண்டும் வரைதான் மனதை அரித்தது. அதற்கு மேல் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்: பாதி வாய்ப்பு பழைய மாத்திரைக்குத்தானே, அதைத்தானே இவ்வளவு நாளும் போட்டுக்கொண்டு ஓட்டினோம்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. இரண்டு மாதத்துக்குள் தாகம் அடங்கியது. இராமையாவின் கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம் போய் மஞ்சள் வந்தது, பிறகு பச்சை. ஒரு நாள் நீலம் நீலமாகவே நின்றது. காலில் ஊசி குத்துவது மாதிரி உணர்ச்சி திரும்பியபோது நல்லையா அந்த வலியை அங்கம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அவள் முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

தலைச்சுற்றலும் அதே சமயத்தில்தான் தொடங்கியது. முதல் தடவை கொழுந்து நிறுக்கும் இடத்தில். பனி இறங்கிக்கொண்டிருந்த காலை. எல்லோரும் கம்பளிக்குள் குன்றியிருக்க, இவருக்கு மட்டும் சட்டை நனைய வியர்த்தது. விரல்கள் தானாக ஆடின. அழகர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். தின்ற கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பசி என்று வைத்துக்கொண்டார் நல்லையா. ஆனால் மறுபடியும் வந்தது, அதற்குப் பிறகும் வந்தது. அவர் இருக்கைக்குப் பக்கத்தில் கித்துள் கருப்பட்டி ஒரு கட்டி வைத்துக்கொண்டார். நடுக்கம் தொடங்கினால் ஒரு துண்டைக் கடித்து வாயில் அடக்குவார். அழகர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஸைனப் மறக்காமல் கேட்டாள்.

“தலைச்சுத்து ஏதும் ஈக்கிதா?”

“இல்லீங்க மிஸ்.”

“வேர்த்து நடுங்கிறது?”

“அப்பிடி ஒண்ணும் இல்லீங்க.”

அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இரத்தம் நன்றாக இருந்தது. எடை கூடியிருந்தது. இவரைப் போல நல்ல பலன் கிடைத்தவர்கள் சிலர்தான் என்று டாக்டர் தம் கொச்சைத் தமிழில் பாராட்டவும் செய்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அழகரின் மகள் ஜெயலெட்சுமிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் இராமையா. நல்லையா அப்போதுதான் உர மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தார். காலையில் மாத்திரை போட்டதோடு சரி, சாப்பாடு இன்னும் ஆகவில்லை. வந்து சாப்பிடலாம் என்று வண்டியை எடுத்தார். பின்னால் சாக்குகளைப் பரப்பி ஜெயலெட்சுமியைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அங்கம்மா உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டாள். அழகர் முன்னால் ஏறினார்.

பாதி வழியில் நல்லையாவுக்கு வியர்க்கத் தொடங்கியது. கருப்பட்டியைத் தேடிக் கையை விட்டார். அது மழையில் கசிந்து தாளோடு ஒட்டிக்கிடந்தது. பிய்க்க வரவில்லை. பின்னால் ஜெயலெட்சுமி கத்தினாள். நிறுத்தக்கூடாது என்ற ஒரு நினைவு மட்டும் அவருக்குள் நின்றது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய பாதை அது. ஆனால் அந்த நிமிஷம் மலை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. பயமும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி, வெள்ளையாகத் தெரிகிற பக்கம் பாதையாக இருக்கும் என்று ஸ்டியரிங்கைத் திருப்பினார். வெள்ளையாகத் தெரிந்தது பள்ளத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி.

அழகர் பாய்ந்து ஸ்டியரிங்கை மறுபக்கம் இழுத்தார். வண்டி மலைப்பக்கம் மோதி, முன்சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது.

அழகர் முதலில் பின்னால் ஓடினார். மகளுக்கு அடி இல்லை. அங்கம்மாவின் முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. அதற்கப்புறம் திரும்பி வந்து, தாளோடு ஒட்டியிருந்த கருப்பட்டியைப் பல்லால் கடித்து உடைத்து, நல்லையாவின் வாயைப் பிளந்து திணித்தார். நல்லையாவுக்கு நினைவு தெளிந்தபோது பின்னால் வந்த மரக்கறி லொறியில் ஜெயலெட்சுமியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பசறை போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது என்றும், இரண்டு உயிரும் சுகம் என்றும் சாயங்காலம் தகவல் வந்தது.

துரை விசாரித்தார். மழையில் வழுக்கிவிட்டது என்று அழகர் சொன்னார். அந்தப் பாதையில் அது நடக்காத காரியம் இல்லை. துரை நம்பினார். கானிலிருந்து வண்டியை இழுத்து, நசுங்கிய மட்காட்டைத் தட்டி நிமிர்த்தி, மூன்றாம் நாள் ஓட்டத்துக்கு விட்டார்கள். நல்லையா தப்பிவிட்டார்.

அன்றைக்கு வண்டியை ஷெட்டில் விட்டபின் அழகர் போகாமல் நின்றார்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார். “ஒங்க பொழப்பக் கெடுக்க எனக்கு மனசு இல்ல. ஆனா இனிமே ஏம் புள்ளைய ஒங்க வண்டியில ஏத்த மாட்டேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் நல்லையாவால் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டுக்குப் போய் அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்: கவ்வாத்து வெட்டுகிறேன் என்ற பொய், இத்தனை மாதம் வந்த தலைச்சுற்று, இல்லை இல்லை என்று சொன்னது. அங்கம்மா முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில், “அந்த டாக்டருகிட்டப் போய்ச் சொல்லுங்க,” என்றாள். “எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது?”

அடுத்த கிளினிக் நாள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மறுநாளே போனார். ஸைனப் ஆச்சரியப்பட்டாள். அவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

“நான் கவ்வாத்துக்காரன் இல்லீங்க மிஸ். லொறி ஓட்டுறவன். தலைச்சுத்து மாசக்கணக்கா இருக்கு. மூணு நாளைக்கு முந்தி ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் பள்ளத்துக்குப் போகப் பாத்தேன்.”

ஸைனப்பின் முகம் சிவந்துவிட்டது. “நீங்க ஓட்டாட்டித் தோட்டம் நிக்கவா போகுது?” என்று கேட்டாள். “ஒவ்வொரு தரமும் கேட்டேனே. ஒங்கட வாயால இல்லண்டு சொன்னீங்களே. நாங்க அத நம்பித்தானே மத்த ஆக்களுக்குக் குடுக்கிறோம்.”

அவள் உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். எப்போது வரும், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வரும், என்ன தின்றால் நிற்கும், எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஸைனப் மாற்றிச் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு அடுத்த அறைக்குப் போய்க் கொழும்புக்கு டெலிபோன் போட்டார். இணைப்புக் கிடைக்க நேரமாயிற்று. திரும்பி வந்து சொன்னார்: நல்லையாவுக்குக் கிடைத்தது புது மாத்திரைதான். பலன் நன்றாக இருக்கிறது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்து, வருகிற மாதத்திலிருந்து அளவைக் கூட்டுவதாக இருந்தார்களாம்.

அதைக் கேட்டபோது நல்லையா விறாந்தையைப் பார்த்தார். அன்றைக்கும் அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியாயி என்ற கிழவி, ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், போத்தலை மடியில் கட்டிக்கொண்டு தூங்கி வழிந்தாள். அவள் வீட்டில் தனியாக இருக்கிறவள். அளவைக் கூட்டியிருந்தால் அவளுடைய வாயைப் பிளந்து கருப்பட்டி வைக்க யார் இருந்திருப்பார்கள்?

டாக்டர் அவரைப் பரிசோதனையிலிருந்து நீக்கினார். பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதி, அது டிஸ்பென்சரிக்கு ஒழுங்காகக் கிடைக்கத் தாமே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். தோட்டத்துக்கு எதுவும் எழுதமாட்டேன், ஆனால் துரையிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். வாசல்வரை வந்த ஸைனப், சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இல்லையென்றதும் ஒரு பணிஸை எடுத்துக் கொடுத்துத் தன் கண் முன்னாலேயே தின்ன வைத்து அனுப்பினாள்.

துரையிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. துரை கேட்டுவிட்டு, சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். நல்லையாவை ஃபெக்டரி ஸ்டோருக்குப் போட்டார்கள். எண்ணெய், கயிறு, சாக்கு, ஆணி எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் குறைந்தது. டிரைவரய்யா என்ற கூப்பாடும் நாலைந்து மாதத்தில் தேய்ந்து, ஸ்டோர்க்காரர் ஆகிவிட்டார். ஆரம்பத்தில் லொறி ஏற்றத்தில் முனகும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பார். கியர் மாற்றுவது பிந்துகிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். மொனராகலையிலிருந்து வந்த புது டிரைவர் சின்ன வயசு. மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும் என்று அவன் ஸ்டோருக்கு வந்து கேட்டால் நல்லையா நிதானமாகச் சொல்லிக் கொடுப்பார்; கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

அழகர் அதே லொறியில் கிளீனராகவே இருந்தார். பேச்சு வார்த்தை நிற்கவில்லை. பழையபடி ஒட்டவும் இல்லை. பேத்திக்குக் காது குத்தியபோது வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிட்டார். நல்லையாவும் அங்கம்மாவும் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள்.

அடுத்த வருஷம் நல்லையா ஒரு வேலையாகப் பதுளைக்குப் போனபோது கடைத்தெருவில் ஸைனப்பைக் கண்டார். அவளே நிறுத்திப் பேசினாள். அன்றைக்கு அவர் போன பிறகு, டாக்டர் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்து மறுபடி கேட்டாராம். இலவச மாத்திரை நின்றுவிடும் என்ற பயத்தில் பலர் தலைச்சுற்றை மறைத்திருக்கிறார்கள். பெரியாயி இரண்டு தடவை அடுப்படியில் விழுந்திருக்கிறாள். மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்களாம். அந்த அளவில் அது நன்றாகவே வேலை செய்தது. பரிசோதனை அப்படியே முடிந்தது என்றாள். சொல்லிவிட்டு, அன்று கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டதாகவும் சொன்னாள். பேசத்தான் வேண்டும் என்றார் நல்லையா.

எண்பத்து நாலில் அவருக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதோடு புண் நின்றுவிட்டது. செருப்புக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்துபோய் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை அங்கம்மாவோடு பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போவார். டிரைவருக்குப் பின்னாலுள்ள இருக்கை காலியாக இருந்தாலும் அதில் உட்காராமல், அங்கம்மாவை ஜன்னலோரம் விட்டு, நடுவில் எங்காவது உட்கார்ந்துகொள்வார். பசறை போய்ச் சேருவதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவார்.